சாவியைத் திருப்பிய பின் எழும் ஓசை



சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில் தெருவிலே கேட்கும் ஓசைகளுள் ஒன்று நமக்கெல்லாம் நன்கு பழகிவிட்டது. எவர் வீட்டு வாசலிலோ ஒரு கார், படுக்கையை விட்டு எழ மனமில்லாத பிள்ளையைப் போல முனகுகின்றது. ‘ர்ர்... ர்ர்... ர்ர்...’ என்று இழுக்கின்றது. சற்றே ஓய்ந்து மீண்டும் இழுக்கின்றது. பிறகு ஒருவாறு உயிர் பெற்று உறுமும். அல்லது ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு அடங்கிவிடும். மறுநாள் அவ்வீட்டார் புதிய பாட்டரி ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். நான்கு மாதம் சென்றால் அதே வாசலில் அதே முனகல்.

மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்குக் காரின் பாட்டரியைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். கல்லூரியிலும் நான் படித்தது வரலாறேயன்றி விஞ்ஞானமன்று. ஆயினும் இந்த முனகல் ஓசையின் பின்னே ஒரு மனிதரின் மானமும், ஒரு ஜமாஅத்தின் பணமும், நள்ளிரவில் பிரசவ வேதனையோடு வாசற்படியில் காத்திருந்த ஒரு பெண்ணின் உயிரும் சிக்கிக்கொண்டதை நான் கண்ணாரக் கண்டேன். அதில் நடந்த தவற்றில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில் நோயை அறிந்துகொள்வோம். ‘வண்டி உடனே ஸ்டார்ட் ஆவதில்லை’ என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரே வாக்கியத்தினுள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நோய்கள் ஒளிந்துள்ளன. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுற்றுவதே மெதுவாக, சோர்வாக, இழுத்துக்கொண்டு இருப்பது ஒன்று. எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகின்றது, ஆனால் பற்றிக்கொள்ள நேரமாகின்றது என்பது மற்றொன்று. முன்னது மின்சாரம் பற்றியது. பின்னது பெரும்பாலும் எரிபொருளையோ, அதனைப் பற்றவைக்கும் தீப்பொறியையோ பற்றியது. முதல் நோய்க்கு எரிபொருள் வடிகட்டியை மாற்றுவதும், இரண்டாம் நோய்க்குப் பாட்டரி வாங்குவதும், வயிற்றுவலிக்காரனின் கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு ஒப்பாகும்.

பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்து பக்தாதிலும் மருத்துவம் புரிந்த அபூபக்கர் அர்ராஸீயைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் ‘அல்ஜுதரீ வல்ஹஸ்பா’ என்னும் நூலை எழுதினார். பெரியம்மை, தட்டம்மை ஆகிய இரண்டையும் பற்றிய நூல் அது. இரண்டிலும் காய்ச்சல் வரும். இரண்டிலும் உடலில் தடிப்புகள் தோன்றும். கண்டவர்கள் இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்த காலத்தில், எந்த அடையாளம் எதற்குரியது என்று நோயாளியின் அருகிலிருந்து பார்த்துப் பிரித்துக் காட்டியதே அந்நூலின் பெருமை. கார் விஷயத்திலும் மருந்துக்கு முன்னர் அந்தப் பிரித்தறிதலே வேண்டும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, காது போதும்.

சாவியைத் திருப்பும்போது உள்ளே நடப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாட்டரியிலிருந்து மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குச் சென்று, அது எஞ்சினின் கிராங்க் தண்டைச் சுற்றுகின்றது. போதிய வேகத்தில் சுற்றினால்தான் பெட்ரோல் பற்றும். (சுழற்சியை நேர் அசைவாக மாற்றும் இந்தக் கிராங்க் அமைப்பைத் தண்ணீர் இறைக்கும் பொறியில் பயன்படுத்தி, 1206ஆம் ஆண்டில் நூலாக எழுதி வைத்தவர் அல்ஜஸரீ. இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிர் நகரின் அரசவையில் அவர் பொறியாளராக இருந்தார். நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர்.) முற்காலக் கார்களில் கிராங்க்கைக் கையால் சுற்ற இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் சுற்றியவரின் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகே அந்த அபாயம் நீங்கத் தொடங்கியது.

ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார், சுற்றும் அந்த ஓரிரு விநாடிகளில் ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்சாரத்தை விழுங்கும்; சில வண்டிகளில் அதற்கு மேலும். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எரிய 9 அல்லது 10 ஆம்பியர் போதும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். நாங்கள் செய்த தவறெல்லாம் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அறியாததால் விளைந்தவை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் எங்களூர்ச் சகோதரர்கள் சந்தா சேர்த்து, ஜமாஅத்தின் பெயரில் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கித் தந்திருந்தார்கள். நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. ஓட்டுநராக இருந்தவர் அறுபதை நெருங்கியவர். சவூதியில் பல்லாண்டுகள் லாரி ஓட்டி ஊர் திரும்பியவர். ஊரார் எல்லோருக்கும் அவர் ‘காக்கா’.

2018ஆம் ஆண்டில் அந்த வண்டி முனகத் தொடங்கியது. பாட்டரி பழையதாயிற்று என்று புதிது வாங்கினோம். ஏறக்குறைய நான்காயிரம் ரூபாய். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மீண்டும் முனகல். கடைக்காரர் அதைச் சார்ஜ் செய்து கொடுத்தார், பயனில்லை. மற்றொரு பாட்டரி வாங்கினோம். அதுவும் சில வாரங்களில் அதே கதி. பத்து மாதத்தில் இரண்டு பாட்டரிகள்.

இடையில் காக்கா இரண்டு விஷயங்களைச் சொன்னார். எங்கள் நிர்வாகக் கூட்டத்திலேயே, என் காதுபடவே சொன்னார். ‘விளக்கைப் போட்டுக்கிட்டே சாவியைத் திருப்பினா விளக்கு அவ்வளவா மங்கல. செல்ஃப் மட்டும் இழுக்குது’ என்றார். ‘ரெண்டு மூணு தடவை இழுத்த பிறகு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சூடா இருக்குது’ என்றும் சொன்னார். கேபிள் எப்படியப்பா சூடாகும் என்று ஒருவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நோயின் பெயரையே அவர் எங்கள் கையில் எழுதிக் கொடுத்திருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஓர் இரவு, ஒன்றரை மணியிருக்கும். தலைப்பிரசவத்துக்குரிய பெண் ஒருத்திக்கு வேதனை கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். காக்கா வண்டியை எடுக்க ஓடினார். செல்ஃப் எடுக்கவில்லை. அந்தத் தெருவோ மணல் பாங்கானது. உறங்கிக்கொண்டிருந்த மதரஸா மாணவர்களை நான் எழுப்பி அழைத்து வர, எல்லோருமாகத் தள்ளி, தார்ச் சாலைக்குக் கொண்டு வந்து, மூன்றாம் முறையில் வண்டி உயிர் பெற்றது. இருபத்தைந்து நிமிடங்கள் போயின. அப்பெண்ணின் உம்மா வாசற்படியில் அமர்ந்து அழுத அழுகை இன்றும் என் காதில் உள்ளது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊர் கொதித்துவிட்டது.

மறுநாள் கூட்டம். காக்கா இரவில் மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போது வண்டியில் ரேடியோ கேட்கிறார் என்றார் ஒருவர். உள்விளக்கு விடிய விடிய எரிந்ததைத் தாம் பார்த்ததாக மற்றொருவர். புதுப் பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையதை வைத்திருப்பாரோ என்றுகூட ஒரு குரல் எழுந்தது. அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி வெளியேறினார்.

வாசகர்களே, வாதிடுபவனே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பதையும், உறுதியாக அறியப்பட்டது வெறும் ஐயத்தால் நீங்கிவிடாது என்பதையும் ஆண்டுதோறும் பிக்ஹு வகுப்பில் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் பன்னிரண்டாம் வசனத்துக்கு விளக்கம் சொல்லியே எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருக்கிறேன். அந்த அறையில் அந்த நேரத்தில் நான் வாய் திறக்கவில்லை. காக்காவின் பல்லாண்டு நேர்மை எங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று. உள்விளக்கு வெறும் ஐயம்.

அந்த ஐயத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும். பின்னர்தான் போட்டேன். உள்விளக்கு 5 வாட். 12 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவு. பத்து மணி நேரம் எரிந்தாலும் நான்கைந்து ஆம்பியர்-மணி. எங்கள் பாட்டரியின் கொள்ளளவு 35. ஓர் இரவு உள்விளக்கு எரிந்ததால் நல்ல பாட்டரி ஒன்று படுத்துவிடாது.

புதிய ஓட்டுநர் வந்தார். இளைஞர், ரேடியோப் பக்கமே போகாதவர். எட்டாம் நாள் வண்டி அவரிடமும் முனகியது. அப்போதுதான் பக்கத்து ஊரில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். மேஸ்திரி என்றே எல்லோரும் அழைப்பார்கள். கையில் ஒரு மீட்டர்; வேறொன்றும் கொண்டுவரவில்லை. முதலில் ஓட்டியவர் என்ன சொன்னார் என்று கேட்டார். கேபிள் சூடாகும் கதையைச் சற்று வெட்கத்துடன் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ‘அப்படியா சொன்னாரு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு முன்மூடியைத் திறந்தார்.

வண்டி இரவு முழுதும் நின்றிருந்தது. பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார்: 12.5 வோல்ட். முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி 12.6 அளவு காட்டும், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் ஏறக்குறைய கால்வாசி. ஆகவே இது நன்றாகவே இருந்தது. பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தார்: 10.6. அந்தப் பளுவிலும் 9.6க்குக் கீழே இறங்காத பாட்டரியைக் குறை சொல்லக் கூடாது என்றார். அடுத்து மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார். இங்கே சுழிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், 0.2ஐத் தாண்டினாலே ஐயப்பட வேண்டும். மீட்டர் 1.9 காட்டியது.

‘பாட்டரி கொடுக்குது. வழியில யாரோ வாங்கிக்கிறாங்க’ என்றார் மேஸ்திரி.

குனிந்து பார்த்தோம். வண்டியின் உடலையும் எஞ்சினையும் இணைக்கும், பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கின்றது. எர்த் பட்டை என்பார்கள். எங்கள் கடற்காற்றின் உப்பு அதில் ஏறிப் பச்சைக் களிம்பு பூத்து, பாதி இழைகள் அறுந்து, போல்ட்டின் அடியில் துரு படர்ந்திருந்தது. விரல் வைத்ததும் பொடியாக உதிர்ந்தது.

எங்கள் வண்டியில் பாட்டரியின் நெகடிவ் கம்பி உடலோடு இணைந்திருக்கும். விளக்குகளும் உடலோடு எர்த் ஆனவை. அவற்றுக்கு இந்தப் பட்டையே தேவையில்லை. எனவே அவை பளிச்சென்று எரிந்தன. செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு எர்த் ஆனது. அதன் 100 ஆம்பியரும் இந்த அறுந்த பட்டை வழியாகவே திரும்பிச் செல்ல வேண்டும். வழி அடைபட்டபோது மின்சாரம் வேறு வழி தேடியது. உடலையும் எஞ்சினையும் இணைக்கும் மற்றோர் உலோகம் ஆக்சிலரேட்டர் கேபிளின் எஃகுக் கம்பி. அதன் வழியே பாய்ந்தது, கேபிள் சூடேறியது. காக்கா சொன்ன இரண்டு அடையாளங்களும் ஒரே இடத்தைச் சுட்டின. போதாதற்கு, பாட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் எஞ்சினோடு எர்த் ஆனதே. அதன் மின்சாரமும் அந்தப் பட்டையையே கடக்க வேண்டியிருந்ததால் சார்ஜ் முழுமையாக ஏறவில்லை. புதுப் பாட்டரிகள் சில வாரங்களில் சோர்ந்த இரகசியம் அது. கடையில் கொடுத்துக் கழிவு பெற்றுக்கொண்ட அந்த முதல் புதுப் பாட்டரி நல்லதாகவே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது என்றால் பாட்டரி முனைகளின் இணைப்புகளாவது சரியென்று கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டினார். ‘ஐயா, நீங்க தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவுற குழாய் வரிசை இருக்குதுல்ல? தொட்டியிலிருந்து வர்ற பெரிய பைப்புல பாசி அடைச்சிருக்குன்னு வைங்க. ஒருத்தர் வந்து ஒரு குழாயைத் திறந்தா தண்ணி நல்லாத்தான் வரும். வெள்ளிக்கிழமை இருபது பேர் ஒண்ணா திறக்கும்போதுதானே அடைப்பு தெரியும்?’ என்றார்.

ஒளூச் செய்யும் குழாயைப் பிற சமயத்துப் பெரியவர் ஒருவர் உவமையாக எடுத்துச் சொல்லி எனக்கு மின்சாரம் விளங்கியது. விளக்கு என்பது ஒற்றைக் குழாய். செல்ஃப் மோட்டார் என்பது ஜும்ஆக் கூட்டம். முனையில் வெள்ளையாகப் பூத்த உப்பு, சற்றே தளர்ந்த நட்டு ஆகியவை 10 ஆம்பியருக்கு வழிவிடும். 100 ஆம்பியருக்கு விடா. எனவே விளக்கின் சாட்சியம் மட்டும் போதாது.

புதிய பட்டை, இரு முனைகளிலும் உப்புத்தாளால் தேய்த்து மின்னும் உலோகம் தெரியச் செய்தல், இறுக்கி முடுக்கி மேலே கிரீஸ் பூசுதல் - அவ்வளவே வைத்தியம். மேஸ்திரியின் கூலியும் பட்டையின் விலையும் சேர்ந்து ஐந்நூறு ரூபாயைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினார். அரை நொடி.

தங்கள் வீட்டு வண்டி முனகினால், மீட்டர் இல்லாமலே இதைச் சோதிக்க ஒரு வழியை அவரே காட்டினார். ஒரு வண்டியின் பாட்டரியிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் தடித்த ஜம்பர் கேபிள் பலரிடம் உண்டு. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, அந்தக் கேபிளில் கறுப்பு ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும், மறு முனையைச் சுழலும் பாகங்களுக்கும் பெட்ரோல் குழாய்களுக்கும் அப்பால் எஞ்சினின் வெறும் இரும்பிலும் கவ்வச் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முனகிய எஞ்சின் துள்ளி எழுந்தால் குற்றம் எர்த்தில் உள்ளது. பாட்டரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மாற்றம் ஏதுமில்லையென்றால் பாட்டரியையும் பாஸிடிவ் கம்பியையும் இறுதியாகச் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள். மோட்டாரின் உள்ளே உள்ள கரித்துண்டுகள் தேய்வதும், புஷ் தேய்வதும் உண்டு. சாவியைத் திருப்பும்போது விளக்கு அறவே மங்கிச் சிவந்து போனால் பாட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மிஞ்சி இழுக்கலாம், அல்லது பாட்டரியின் முனைக் கவ்வியே கெட்டிருக்கலாம். முதலில் கவ்வியைச் சுத்தம் செய்யுங்கள்; அதற்குச் செலவில்லை. ஸ்பானரை வைக்கும்போது நெகடிவ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுங்கள். பாட்டரிக்கு அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வெடிக்கும் தன்மையது.

நம் இல்லங்களுக்கே உரிய மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மகன் துபாயிலோ குவைத்திலோ இருப்பான். விடுமுறையில் வந்தபோது ஆசையாக வாங்கிய கார், உறை போர்த்தி வாசலில் நிற்கும். வீட்டில் வாப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பதினொரு மாதம் கழித்து அவன் வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’. வண்டி உறங்கும்போதும் அதன் கடிகாரம், அலாரம், கணினி ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரம் அருந்திக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பென்று கொள்வர். அந்த அளவுக்கே அருந்தினாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. ஒரு மாதத்தில் சிறிய பாட்டரி ஒன்று வறண்டுவிடும். வறண்ட நிலையில் நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலிமை திரும்பாது. வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவது போதும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கின்றது. ஒரு வாரத்து இழப்பு எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல்; ஐந்து நிமிடத்தில் ஏறுவது இரண்டு இருந்தால் அதிகம். ஒன்று, அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டி வரச் செய்யுங்கள். அல்லது மகன் விமானம் ஏறும் அன்றே நெகடிவ் முனையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கடிகாரமும் ரேடியோ அமைப்பும் அழிந்துபோகும். சில ரேடியோக்கள் இரகசிய எண் கேட்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டரியே முதுமையால் ஓய்வதும் உண்டுதான். நம் நாட்டு வெப்பம் அதன் ஆயுளைக் குறைப்பது. மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்த பாட்டரி இரவில் முழுச் சார்ஜோடு இருந்து காலையில் இறங்கினால் அதன்மீது ஐயம் கொள்வது தகும். நான் குறை கூறுவது, பார்க்காமலே தீர்ப்பளிப்பதை.

இரண்டாவது நோயைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன். அது என் அனுபவத்தில் வராதது, மேஸ்திரியிடம் கேட்டறிந்தது. எஞ்சின் விரைவாகச் சுற்றியும் நான்கைந்து விநாடி கழித்தே பற்றினால், பெட்ரோல் வண்டியில் இப்படிச் செய்து பாருங்கள். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ‘ஆன்’ நிலையில் மூன்று விநாடி நிறுத்துங்கள். பெட்ரோல் பம்ப் மெல்ல இரைந்து ஓயும். அணைத்து மறுபடி அவ்வாறே செய்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பற்றிக்கொண்டால், இரவில் குழாயிலுள்ள அழுத்தம் கசிந்து தொட்டிக்குத் திரும்பிவிடுகின்றது என்று பொருள். பம்பிலுள்ள தடுப்பு வால்வையும் வடிகட்டியையும் பார்க்கச் சொல்லலாம். பயனில்லையென்றால் ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பற்றி, சூடானபின் தாமதிக்கிறதா, அல்லது மறுதலையா என்பதையும் கவனித்துச் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். டீசல் வண்டியானால் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எரிமுனைகள் கெட்டிருப்பதும், எரிபொருள் குழாயில் காற்று புகுவதும் அதில் வழக்கமான குறைகள்.

காக்காவின் கதையை நடுவில் நிறுத்திவிட்டேன்.

பட்டை மாற்றிய அன்று அஸருக்குப் பின் நானும் நிர்வாகத்தினர் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். உள்விளக்கைப் பார்த்ததாகச் சொன்னவர் வரவில்லை. அறுந்த பழைய பட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் சென்றிருந்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தேநீர் வந்தது.

‘மத்தவங்க பேசினது எனக்குப் பெரிசா படல, ஹஜ்ரத். அவங்களுக்கு வண்டி தெரியாது. நான் சொன்னதை யாராச்சும் ஒரு காகிதத்துல எழுதி வச்சீங்களா? அதுதான் மனசுல கிடந்துச்சு. சவூதியில என் முதலாளிக்கு என் மொழி தெரியாது. ஆனா டிரைவர் சொன்னதைத் தினம் நோட்டுல எழுதச் சொல்லுவான்’ என்றார்.

சாவியை நீட்டினோம். அன்று வாங்கவில்லை. பத்து நாள் கழித்து, தாமே பள்ளிவாசலுக்கு வந்து, புதிய ஓட்டுநருக்கு வேறு வேலை கிடைத்ததா என்று விசாரித்து அறிந்த பின்பே வாங்கிக்கொண்டார். இப்போது அந்த வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் உள்ளது. ஓட்டுபவர் தம் கைப்பட எழுதுவார்: தேதி, வண்டி எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, சுற்றியது வேகமா மெதுவா, விளக்கு மங்கியதா, எதுவேனும் சூடாயிற்றா, எந்த வாடையேனும் வந்ததா. மாதம் ஒருமுறை நிர்வாகக் கூட்டத்தில் அதைப் படிப்பது என் பொறுப்பு. அதன் முதல் பக்கத்தில், தேதி இல்லாமல், என் கையெழுத்தில் இரண்டு வரிகள் உள்ளன. விளக்கு மங்கவில்லை, செல்ஃப் மட்டும் இழுக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிறது.